நான் பார்த்துச் சொன்ன சீரியல்

எங்கள் வீட்டு டிவியை ஒருத்தி பார்ப்பாள், ஆறு பேர் கேட்பார்கள். பார்க்கிற அந்த ஒருத்தி நான்தான். இப்படி ஒரு ஏற்பாடு வேறெந்த ஊரிலும் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. திருத்தங்கலில் எங்கள் தெருவில் அது வந்ததற்குக் காரணம், தலைகீழாகப் படம் ஒட்டிய நானூறு புஸ்வாணப் பெட்டி.

எங்கள் தெருப் பெண்கள் வீட்டில் இருந்தபடியே பட்டாசுப் பெட்டி ஒட்டுவோம். மருந்து, திரி எதுவும் வீட்டுக்குள் வராது. அட்டையும் பசையும் மட்டும்தான். வெட்டிக் கோடு போட்ட அட்டை லோடு வண்டியில் வந்து இறங்கும். ஒருவர் அதைக் கோட்டில் மடிப்பார், ஒருவர் பசை தடவுவார், நாலு பேர் மேலே படம் ஒட்டுவார்கள், காய்ந்ததை ஒருவர் அடுக்கிக் கட்டுவார். அவரவர் வீட்டில் தனியாகச் செய்தால் கை ஓடாது என்று எல்லாரும் எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்துவிடுவார்கள். ஹாலில் இடம் தாராளம் என்று வெளியே சொல்லிக்கொள்வோம். தெருவிலேயே பெரிய டிவி எங்கள் வீட்டில் இருந்தது என்பதுதான் உண்மை.

ஒரு தீபாவளி சீசனில், சீரியலில் கல்யாணக் கட்டம் வந்தது. மாப்பிள்ளை தாலியை எடுக்கிறான். யாரோ "நிறுத்துங்க" என்று குரல் கொடுக்கிறார்கள். யார் குரல் கொடுத்தது என்று காட்டாமலே மூன்று நாள் இழுத்தார்கள். மணப்பெண் முகம், மாப்பிள்ளை முகம், மாமியார் முகம், மறுபடி மணப்பெண் முகம். மூன்று நாளும் எங்கள் கை ஒட்டிக்கொண்டே இருந்தது, கண் மட்டும் டிவியில் இருந்தது. நாலாம் நாள் கம்பெனி சூப்பர்வைசர் ஒரு பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூப்பூவாக மேலே சிதற வேண்டிய புஸ்வாணம் படத்தில் கீழே கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, வாங்குறவுகளைத் தலைகீழா நின்னு கொளுத்தச் சொல்றீகளா?" என்றார்.

அவ்வளவையும் கிழித்து மறுபடி ஒட்டி முடித்த அன்றைக்கு நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். சீரியல் ஓடும்போது மடிக்கிறவர், தடவுகிறவர், ஒட்டுகிறவர் யாரும் தலையைத் தூக்கக் கூடாது. அடுக்கிக் கட்டுகிறவள் மட்டும் டிவியைப் பார்த்து, நடப்பதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அடுக்கிக் கட்டுவது என் வேலை. கட்டுவதற்குக் கண் அவ்வளவாக வேண்டாம், கைப்பழக்கம் போதும். அதோடு எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மல்லாங்கிணற்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது சீதனமாகக் கொண்டுவந்தது அது ஒன்றைத்தான் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

வசனம் எல்லார் காதிலும் விழும். வசனம் இல்லாத இடத்தில்தான் என் ராஜ்யம். சீரியலில் பாதி நேரம் யாரும் பேசமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வெறும் வாத்தியம் முழங்கும், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருப்பார்கள். அதை அப்படியே சொன்னால் கேட்கிறவர்களுக்குத் தூக்கம் வந்துவிடாதா? அதனால் நான் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். மாமியார் பல்லைக் கடித்தாள் என்பேன். மருமகள் கையிலிருந்த தம்ளர் நடுங்கியது என்பேன். ஒருமுறை சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்ட என் வீட்டுக்காரர் வாசலில் நின்று டிவியையும் பார்த்து என்னையும் கேட்டுவிட்டு, "டிவியில ஓடுறதை விட நீ ஓட்டுறது நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார்.

எங்களில் ஒருவருக்கு மட்டும் இந்தச் சட்டமே தேவைப்படவில்லை. இரண்டு வீடு தள்ளி இருந்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். உறவில்லாவிட்டாலும் நான் அவரை மதினி என்றே கூப்பிட்டேன். கண்புரை முற்றி அவருக்கு இரண்டு கண்ணும் மங்கிப்போயிருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. ஆனால் அட்டை மடிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. விரலால் கோட்டைத் தடவி ஒரே இழுப்பில் மடித்துவிடுவார். எங்கள் மடிப்பில் குறை கண்டுபிடிப்பதும் அவர்தான். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று எத்தனையோ பேர் சொன்னோம். கண்ணில் கத்தி வைக்கவா என்பார். அது வெளிக்கு. கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

ஆள் இல்லாமல் இல்லை. ஒரே மகன் இருந்தான். அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். காரியாபட்டிப் பக்கத்து நர்ஸ் பெண் ஒருத்தியைப் பிடித்துப்போய், அவள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் என்பதால் அம்மா சம்மதிக்கமாட்டாள் என்று பயந்து, சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மதுரைக்குப் போய்விட்டான். மதினிக்கு அந்தப் பெண்ணின் மதம் கூடப் பெரிதில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் ஆறவில்லை. அவன் போன் செய்தால் எடுக்கமாட்டார். ஒருநாள் நான் அவன் பேச்சை எடுத்தபோது, "இன்னொரு தடவ அவன் பேரைச் சொன்னா உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் பாத்துக்கோ" என்றார். சொன்னால் செய்கிறவர். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் போனுக்குக் கூப்பிடுவான். "அம்மா சாப்பிட்டாகளா அக்கா, மாத்திரை போடுறாகளா" என்று கேட்பான். ஒருநாள் பேச முடியாமல் அழுதுவிட்டு போனை வைத்துவிட்டான். அதை மதினியிடம் சொல்ல முடியாமல் எனக்கு நெஞ்சுக்குள் முள் மாதிரி கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்த சீரியல் வந்தது. ஒரு தாய், ஒரே மகன். வளர்த்து ஆளாக்கியதும் மகன் பெண்டாட்டி வீட்டோடு போய்விடுகிறான். எங்களுக்கு தர்மசங்கடமாக இருந்தது. வேறு சேனல் வைக்கலாமா என்றால் மதினி விடவில்லை. "அதையே வைங்க, அவ என்ன பண்றான்னு பாப்போம்" என்பார். விளம்பரம் வரும்போதெல்லாம் அந்தத் தாயைப் பற்றித்தான் கேட்பார். இளைத்துவிட்டாளா, தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறாளா, என்ன சேலை கட்டியிருக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக் காட்சி. தாய் கையில் வயர் கூடையோடு நிற்கிறாள். கிளம்பப் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக மகன் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வசனம் கிடையாது, புல்லாங்குழல் மட்டும். தாய் ஒரு அடி எடுத்து வைக்கிறாள். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் ஷட்டரை இழுத்து மூடிவிட்டான்.

ஹாலில் எல்லார் கையும் ஓடிக்கொண்டிருந்தது. மதினி கையில் இருந்த அட்டை மட்டும் மடியாமல் நின்றிருந்தது.

"என்ன பண்றான்?" என்றார்.

நான் டிவியைப் பார்த்தேன், மதினியைப் பார்த்தேன். என் வாய் எனக்கு முன்னால் போய்விட்டது.

"அளுறான் மதினி. தாயைப் பாத்ததும் அவனுக்குத் தாங்கல. கண்ணுல தண்ணி தாரையா ஊத்துது. எந்திரிச்சு இறங்கப் போனான், அதுக்குள்ள பஸ்ஸை எடுத்துட்டாங்க."

"டொப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சே?"

"கண்டக்டர் பஸ்ஸைத் தட்டுனாரு, போகலாம்னு."

படம் ஒட்டிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சட்டத்தை மீறித் தலையைத் தூக்கியிருந்தார்கள். ஷட்டர் மூடியதை அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. ஒருத்தி என்னைப் பார்த்தாள், குனிந்து பசையைத் துடைத்தாள். ஊர்ச் செய்தி ஒன்று கிடைத்தால் வாசலைத் தாண்டுவதற்குள் கொட்டிவிடுகிற பெண்கள் அவர்கள். அன்றைக்கு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அந்த நன்றி எனக்கு இன்றுவரை உண்டு.

ஒரு பொய்யை மறைக்க ஓராயிரம் பொய் என்பார்கள். திங்கட்கிழமை சீரியலில் அந்தத் தாய், "என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிட்டான்" என்று வசனம் பேசிப் புலம்பினாள். மதினி குழம்பிப் போனார்.

"என்ன புள்ள இப்பிடிச் சொல்றா? அவன்தான் அளுதானே?"

"அவ நின்ன இடத்துல இருந்து அது தெரியல மதினி. நமக்குக் காட்டுனாங்க, அவளுக்குத் தெரியாது" என்றேன்.

மதினி தனக்குள் சொல்வதுபோல, "பாவம், பெத்தவளுக்குத் தெரியலயே" என்றார். அன்றைக்கு அதற்குப் பிறகு அவர் சேலை நிறம் கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து தன் பட்டன் போனை என்னிடம் நீட்டினார். "அவன் நம்பரைப் போட்டுக் குடு." போட்டுக் கொடுத்துவிட்டு நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை எனக்குக் கேட்டது. "சாப்பிட்டியாலே?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் மனைவியும் பஸ் பிடித்து வந்தார்கள். மாமியார் எப்படி நடத்துவாரோ என்ற பயம் அந்தப் பெண் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனாலும் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மதினியின் மோவாயைப் பிடித்து முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி இரண்டு கண்ணையும் பார்த்தாள். "இதை இப்பிடியே விட்டு வச்சிருக்கீகளே அத்தை" என்றாள். அதட்டல் மாதிரிதான் இருந்தது. மதினி தலையை இழுத்துக்கொள்ளாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியம்.

அப்படியும் மதினி ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வருடக்கணக்கானது. வருகிறபோதெல்லாம் அந்தப் பெண் கேட்பதும், இவர் அடுத்த சீசன் முடியட்டும் என்பதுமாகப் போனது. அதற்குள் எங்கள் ஹால் மாறிவிட்டது.

முதலில் ஒரு பெண் போனும் கையுமாக வந்தாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நாளில் ஒவ்வொருத்தி முன்னாலும் பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் சாய்ந்து நின்றது, காதில் ஒயர் தொங்கியது. ஒருத்தி நேற்றையதைப் பார்ப்பாள், ஒருத்தி போன மாதத்தைப் பார்ப்பாள், ஒருத்தி வேற்று மொழிக்காரர்கள் தமிழில் பேசுகிறதைப் பார்ப்பாள். நான் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தால், "கதையைச் சொல்லிராதீக அக்கா, நான் இன்னும் அங்கன வரல" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒருத்தி திடீரென்று சிரிப்பாள். எதற்கென்று யாருக்கும் தெரியாது. நாலு நிமிடம் கழித்து இன்னொருத்தி மூக்கை உறிஞ்சுவாள். துட்டி விழுந்த இழவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். எனக்கு வேலை போய்விட்டது. பெட்டி கட்டுகிற வேலை இருந்தது, நான் சொல்வது அந்த வேலையை அல்ல.

எரிச்சல் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், பழைய ஏற்பாட்டில் எங்கள் சந்தோஷத்துக்கு வெளியே நின்றவர்களும் இருந்தார்கள். எதிர்வீட்டு மருமகள் ஒருத்தி, சீரியல் நேரம் வந்தால் தோசை ஊற்ற ஓட வேண்டும். எந்த சீரியலுக்கும் அவளுக்கு முடிவு தெரியாது. மறுநாள் எங்களிடம் கேட்பாள், நாங்களும் ஆளுக்கொன்றாகச் சொல்லிக் கிண்டல் செய்வோம். இப்போது அவளும் காலை பத்து மணிக்கு எங்கள் ஹாலில் நிம்மதியாக உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை பார்க்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தபிறகு போனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மதினிக்கு மட்டும் நான் தேவைப்பட்டேன். கடைசியில் என் மகள் பழைய போன் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். காதுக்கு மாட்டுகிற ஒயரில் ஒரு முனை மதினி காதில், ஒரு முனை என் காதில். ரகசியம் பேசுகிற மாதிரி இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்துகொள்வோம். அப்போதுதான் ஒன்று கண்டுபிடித்தேன். டிவி எனக்காக நிற்காது. நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று ஓடிவிடும். போன் நின்றது. விரலால் தொட்டு நிறுத்திவிட்டு, வாசலில் போட்ட கோலம், சுவரில் தொங்கிய காலண்டர்வரை மதினிக்குச் சொன்னேன். அப்படி ஒரு வாய்ப்பு எனக்கு எத்தனை வருடம் கழித்து வந்தது.

ஒருவழியாகப் போன தீபாவளி முடிந்ததும் மதினி தலையாட்டினார். மருமகளே லீவு போட்டு மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் ஒரு கண், பிறகு மறு கண். இரண்டு மாதம் அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டாள். சொட்டு மருந்து விடுகிற நேரத்தில் கூட மாமியாரும் மருமகளும் சண்டை போட்டார்களாம். அதைச் சொல்லும்போது மகன் போனில் சிரித்தான்.

மதினி திரும்பி வந்த அன்றைக்கு, நாங்கள் ஹாலில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது, சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்தார். வாசலில் நின்று என்னை உற்றுப் பார்த்தார். "இம்புட்டு நரைச்சிருச்சா உனக்கு" என்றார். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. காபி போட எழுந்தேன். மதினி என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"காபி கெடக்கட்டும். அந்த பஸ் ஸ்டாண்டு சீனை எடு."

"எது மதினி?" என்றேன், தெரியாதவள் போல.

"அந்தப் பையன் அளுதானே, அதுதான். கட்டுப் போட்டுப் படுத்திருந்தப்ப அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். பழசெல்லாம் போனுல அப்பிடியே இருக்காமே, எம் மருமக சொன்னா. எனக்கு அவன் முகத்தைப் பாக்கணும்."

டிவியில் ஓடியது ஓடியதுதான், காற்றோடு போய்விட்டது என்ற தைரியத்தில்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். எல்லாவற்றையும் யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருப்பார்கள் என்று நான் கண்டேனா? நெட் இல்லை என்றேன். சார்ஜ் இல்லை என்றேன். எத்தனையாவது நாளில் வந்தது என்று ஞாபகம் இல்லை, ஆயிரம் நாள் ஓடிய சீரியல் என்றேன். பத்து வருடமாக என் வாயை நம்பி உலகத்தைப் பார்த்தவர். அந்த வாயை இனி ஒருநாளும் நம்பமாட்டாரே என்ற பயம்தான் எனக்கு. பஸ் ஸ்டாண்டு சீன் என்று நாங்கள் பேசியது காதில் விழுந்து, பக்கத்தில் இருந்த எதிர்வீட்டு மருமகள் ஒயரைக் கழற்றினாள்.

"நான் போன வாரம்தான் அதைத் தாண்டுனேன் மதினி, இருங்க எடுத்துத் தாரேன்."

இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டாள். கட்டி வைத்த பெட்டிகளின் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். ஒவ்வொருத்தியாகக் காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு மதினியைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த ஹாலில் எல்லாரும் ஒரே கதையைப் பார்த்தார்கள். நான் மட்டும் மதினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாய் நின்றாள், மகன் பார்த்தான், முகத்தைத் திருப்பினான். டொப்பென்று ஷட்டர் விழுந்தது.

மதினி மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் டொப்பென்று விழுந்தது.

"இவன் அளுகவே இல்லையே" என்றார்.

"இல்ல மதினி" என்றேன். "நாந்தான் பொய் சொன்னேன். உங்க மகன்தான் அந்தச் சமயத்துல எங்கிட்ட போனுல அளுதான். அதைச் சொன்னா நீங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்னீக. மன்னிச்சுருங்க."

படம் ஒட்டுகிறவள் ஒருத்தி, "எங்களுக்கும் தெரியும் மதினி, நாங்களும் சொல்லல" என்றாள்.

மதினி போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். என் பக்கம் திரும்பினார். நான் அழுதுகொண்டிருந்தேன். புறங்கையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு? நீ பொய் சொல்லலைன்னா நான் அவனுக்குப் போன் போட்டிருக்க மாட்டேன். போன் போடலைன்னா அந்தப் புள்ள என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காது. இந்தக் கண்ணே நீ சொன்ன பொய்யில வந்ததுதான புள்ள."